குழம்பு பற்றி ஐந்து வரி

ஒரே ஒரு பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடத்தில் காலையில் ஆஜர் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா?

சண்முகக்கனி எடுத்தாள். சேலை மடிப்பில் ஊக்குக் குத்திக்கொண்டு வீட்டு முன்னறையில் நின்று, "அல்லி?" என்று கூப்பிடுவாள். எதிரே பாயில் உட்கார்ந்திருக்கும் மகள் எழுந்து, "உள்ளேன் மிஸ்" என்பாள். அல்லிக்கு ஏழு வயது. பாயில் வேறு யார் பெயராவது விட்டுப்போயிற்றா என்று கனி ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பாடத்தைத் தொடங்குவாள்.

சிரிக்க வேண்டாம். அவள் கண்ட பள்ளிக்கூடம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுதான். அங்கே அப்படித்தான் நடக்கும்.

அல்லியை வீட்டிலேயே படிக்கவைக்கக் காரணம் அவளுடைய வாய். கேள்வி மேல் கேள்வி கேட்கிறாள் என்று வகுப்பில் அவளைக் கடைசி பெஞ்சுக்குத் தள்ளிவிட்டார்கள். "கேக்குத வாயை மூடுததுக்கா பிள்ளையை அனுப்புதோம்? வீட்ல இருக்கட்டும். எம்புட்டு வேணும்னாலும் கேக்கட்டும். நான் சொல்லிக் குடுக்கேன்" என்று துள்ளியவள் கனிதான்.

அல்லி கேட்கத்தான் செய்தாள், முதலில். இப்போது கேட்பதே இல்லை. சொன்னதை எழுதுகிறாள். எழுதியதை ஒப்பிக்கிறாள். மற்ற நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறாள்.

"இதுக்கு அந்தக் கடைசி பெஞ்சே தேவலை" என்றான் கனியின் கணவன் கோமதிநாயகம். "அங்க இருக்கும்போது வாயாவது இருந்துச்சு. ஜூன்ல மறுபடி சேத்துருவோம் கனி."

அன்றைக்குக் கனிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் காலையில் மகளைக் கூட்டிக்கொண்டு புளியங்குடிக்குப் பஸ் ஏறிவிட்டாள்.

புளியங்குடிக்கு வெளியே ஓர் எலுமிச்சைத் தோப்பில் ஆவுடையம்மாளின் வீடு இருந்தது. நாற்பதைத் தாண்டியவள். தன் இரண்டு பிள்ளைகளையும் வீட்டில் வைத்தே படிக்கவைத்து ஆளாக்கியவள். சுற்றுவட்டாரத்தில் பிள்ளையை வீட்டில் வைத்துத் தவிக்கிற அம்மாமாருக்கெல்லாம் அவள்தான் குரு. ஆனால், போய்வந்தவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல ஒன்றைத்தான் சொல்வார்கள்: "ஆவுடையக்கா பதில் சொல்ல மாட்டா. சோறு போடுவா."

"வா தாயி. உச்சி வெயில்ல வந்திருக்கியே" என்றாள் ஆவுடை.

கனி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "யக்கா, என் பிள்ளை கேள்வி கேக்க மாட்டேங்கா."

"முந்தி கேப்பாளா?"

"வாய் ஓயாதுக்கா."

"கேட்டா நீ என்ன செய்வ?"

கனியின் முகம் மலர்ந்தது. இதில் அவளுக்குப் பெருமை உண்டு. "ஒரு கேள்வியைக்கூட விட மாட்டேன்க்கா. பல்லி ஏன் சுவத்துல இருந்து விழ மாட்டேங்குன்னு ஒருநாள் கேட்டா. கையோட பிடிச்சு உக்கார வச்சு, பல்லி படம் போட்டு, பாகம் குறிச்சு, பல்லியைப் பத்தி அஞ்சு வரி எழுத வச்சுட்டேன். சாயங்காலம் வாய்மொழித் தேர்வும் வச்சேன்."

"பல்லி?"

"எந்தப் பல்லி?"

"அவ பாத்துக்கிட்டு இருந்த பல்லி."

"அது எங்கயோ ஓடிப்போச்சுக்கா."

ஆவுடை தலையை ஆட்டிக்கொண்டாள். "சரி. உக்காரு, சாப்பிடு."

அல்லி பஸ்ஸில் முறுக்குத் தின்று வயிற்றை நிரப்பியிருந்தாள். அவள் பாட்டுக்கு அடுப்படி வாசல்படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தாள்.

தட்டில் சோறு விழுந்தது. அதன் மேல் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பு. கனி ஒரு வாய் வைத்தாள். நேற்றிலிருந்து காய்ந்து கிடந்த நாக்கு விழித்துக்கொண்டது. இரண்டாவது வாயை உருட்டியபடியே, "யக்கா, குழம்பு என்னமா மணக்கு! என்ன போட்டீங்க?" என்றாள்.

"நல்ல கேள்வி" என்றாள் ஆவுடை. தட்டைத் தூக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள்.

கனி உருட்டிய உருண்டையோடு விழித்தாள்.

"கையைக் கட்டு. நிமிந்து உக்காரு." ஆவுடை அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு விதையை எடுத்துக் காட்டினாள். "இது மல்லி. இது விளையுத மண்ணு கரிசல் மண்ணு. திருப்பிச் சொல்லு."

"கரிசல் மண்ணுக்கா."

"மல்லியில எத்தனை பாகம்? வேரு, தண்டு, இலை, பூ, விதை. சொல்லு."

"வேரு, தண்டு... யக்கா, சோறு ஆறுது."

"பாடம் நடக்கும்போது பேசக் கூடாது." ஆவுடை மல்லியை முடித்து வெந்தயத்துக்கு வந்தாள். வெந்தயத்தை முடித்துப் புளிக்குப் போனாள். புளியில் அவளுக்கு விஷயம் நிறைய இருந்தது. பிறகு மாடத்திலிருந்து சிலேட்டை எடுத்து நீட்டினாள். "குழம்பு பற்றி ஐந்து வரி. எழுத்து குண்டு குண்டா இருக்கணும்."

இடது கையால் சிலேட்டைப் பிடித்து, எச்சில் கையைக் கழுவிவிட்டு வந்து, கனி எழுதினாள். 'குழம்பு மணமானது' என்று தொடங்கினாள். வயிறு கொர்ரென்றது. ஐந்தாவது வரிக்கு ஒன்றும் அகப்படாமல், 'குழம்பு நமக்குப் பல வழிகளில் உதவுகிறது' என்று முடித்தாள்.

ஆவுடை வாங்கிப் படித்து, சரி போட்டுவிட்டுத் தட்டைத் திருப்பிக் கொடுத்தாள். சோறு வரட்டி மாதிரி ஆறியிருந்தது. கனி மூச்சுக் காட்டாமல் அள்ளிப் போட்டாள்.

"ரசம் ஊத்தட்டா?"

தலையை ஆட்டினாள்.

ரசம் குழம்பையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும் போலிருந்தது. அதில் ஏதோ ஒரு வாசனை. பூண்டு இல்லை, பெருங்காயம் இல்லை. கனி வாயைத் திறந்தாள். ஆவுடையின் கை தட்டுப் பக்கம் அசைந்தது. கனி வாயை மூடிக்கொண்டாள்.

"ஏதோ கேக்க வந்தியே?"

"ஒண்ணும் இல்லக்கா."

"ரசத்துல என்ன போட்டிருக்குன்னு தெரிய வேண்டாமா?"

"எனக்கு ஒண்ணுமே தெரிய வேண்டாம்க்கா. சாப்பிட விட்டாப் போதும்."

வாசல்படியில் கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு. அல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடித்து, அம்மாவின் காதருகே வந்து, கூட்டாளியிடம் சொல்கிற மாதிரி ரகசியமாகச் சொன்னாள்:

"நீயும் கண்டுபிடிச்சிட்டியா யம்மா? கேக்காம இருந்தா எழுத வேண்டாம்."

கனியின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

ஆவுடை எதையும் கேட்காதவள் போல அடுப்புப் பக்கம் திரும்பி, அப்பளக் கட்டைப் பிரித்து, காய்ந்த எண்ணெயில் ஒன்றைப் போட்டாள். அது குப்பென்று பூத்து எழுந்தது. அல்லி அடுப்புக்கு எட்டி நின்று பார்த்தாள். இரண்டாவது அப்பளமும் எழுந்தது.

"பெரியம்மா, அது ஏன் உப்புது?"

அது கனிக்குத் தெரியும். ஏழாம் வகுப்பு அறிவியல். மாவில் இருக்கிற ஈரம் சூட்டில் ஆவியாகி... சொல்வதற்கு அவள் மூச்சை இழுத்தாள். ஆவுடை சுடச்சுட ஓர் அப்பளத்தை உடைத்து அவள் வாயில் திணித்தாள்.

வாய் நிறைய அப்பளத்தை வைத்துக்கொண்டு ஆவியைப் பற்றிப் பேச முடியாது. கனி நொறுக்கினாள்.

பதில் வராததால் அல்லி அம்மாவைப் பார்த்தாள். பெரியம்மாவைப் பார்த்தாள். சிலேட்டையும் ஓரக்கண்ணால் பார்த்தாள். யாரும் அதைத் தொடவில்லை. பிறகு, "பாதியாப் போட்டா உப்புமா?" என்றாள்.

"தெரியலையே" என்றாள் ஆவுடை. "உடைச்சுக் குடு. நான் போடுதேன்."

பாதியும் உப்பியது. கால்வாசியும் உப்பியது. விளக்குமாற்றுக் குச்சியால் குத்தி ஓட்டை போட்டதும் உப்பியது. "காத்து ஓட்டை வழியா போகாதா?" அல்லி தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். ஒன்றை வெயிலில் காயவைக்க ஓடினாள். இன்னொன்றை எண்ணெய் இல்லாமல் கங்கில் சுடச் சொன்னாள். ஆவுடை இடுக்கியில் பிடித்துச் சுட்டுக் கொடுத்தாள். அது வேறு மாதிரி, பொட்டுப் பொட்டாக எழுந்தது. "யம்மா, இங்க பாரேன்! இது ஏன் இப்பிடி?"

கனிக்கு இது உண்மையிலேயே தெரியவில்லை. குனிந்து பார்த்தாள்.

வாசலுக்கும் அடுப்புக்கும் அல்லி பறந்தாள். வெயிலில் வைத்தது காய்ந்துவிட்டதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். அவள் வாய் ஓயவில்லை. அதைக் கேட்கக் கேட்கக் கனிக்குக் கண் கலங்கியது, சிரிப்பும் வந்தது. ஆனாலும், முன்னறையில் ஊக்குக் குத்திக்கொண்டு நின்றவள் அவ்வளவு சீக்கிரம் போய்விடுவாளா?

"யக்கா" என்றாள் மெதுவாக. "கேள்வியும் இவளே கேக்கா. ஆராய்ச்சியும் இவளே பண்ணுதா. அப்ப நான் எப்பத்தான் சொல்லிக் குடுக்க? எனக்கு என்னதான் வேலை?"

ஆவுடை அப்பளக் கட்டைத் தலைகீழாகத் தட்டிப் பார்த்தாள். ஒன்றும் விழவில்லை.

"அப்பளம் தீந்துபோச்சு தாயி. அவ இன்னும் முடிக்கல. முக்குக் கடை வரைக்கும் ஓடிப்போயி இன்னொரு கட்டு வாங்கிட்டு வாரியா?"