துரை பார்க்காத கடைசி ரீல்

படம் முடியுமுன்னே எழுந்து போய், வெளியே நின்று தீர்ப்புச் சொல்கிற மனுஷா, உன்னைத்தான் சொல்கிறேன். முழுசாகக் கேட்காமல் ஒரு தாயைக் குற்றவாளி ஆக்கினாயே, இது அடுக்குமா? முறைக்காதே, உட்கார். உன்னைப் போல ஒருத்தர் சேந்தமலையில் இருந்தார். அவர் ராஜா வேறு!

எழுபதுகளில் நடந்தது. ராஜ்யம் போய், மானியமும் போய், சேந்தமலைத் துரைக்கு மிஞ்சியது அரண்மனையும் எதிரே ஒரு சினிமாக் கொட்டகையும்தான். ஆனாலும் தர்பார் மட்டும் தினமும் கூடும். அதில் காரியஸ்தர் மாசிலாமணி. மாட்டுச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசி, அடிபட்டு மிதிபட்டு மேலே வந்தவர். கோபம் மூக்கு நுனியில், பதில் நாக்கு நுனியில்.

அந்த வாரம் கொட்டகைக்கு ஒரு தாய்ப் படம் வந்தது. புருஷனை இழந்த ஒருத்தி, பெற்ற பிள்ளையைப் பணக்கார வீட்டுக்குத் தத்துக் கொடுத்துவிடுகிறாள். அவ்வளவுதான், ஊர் இரண்டாகப் பிளந்தது.

"அவளும் ஒரு தாயா?" என்றது டீக்கடை.

"பிள்ளை பிழைக்கட்டும்னு கொடுத்தாடா, பாவி!" என்றது குழாயடி.

தையற்கடைக்காரரும் அவர் சம்சாரமும் ஒரே கூரையின் கீழ் தனித்தனியாகச் சமைத்தார்கள்.

துரைக்குச் சந்தேகமே இல்லை. "கொடுத்தவள் தாயே இல்லை" என்றார். அவரும் தத்து வந்த பிள்ளைதான். அஞ்சு வயதில் பெரிய ராஜா எடுத்து வளர்த்தார். பெற்றவள் பாக்கியத்தம்மாள் இன்னும் இருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல் ஒரு தூக்குவாளியோடு அரண்மனை வாசலுக்கு வருவார். "துரைக்கு நேரமில்லை" என்று சொல்லி அனுப்புவது மாசிலாமணியின் வேலை. சொல்லிவிட்டு வந்து அன்றைக்கு முழுதும் எல்லாரிடமும் எரிந்து விழுவார்.

அரண்மனை மேனேஜர் பூவராகனுக்கு மாசிலாமணியை ஆகாது. துரையின் காதைக் கடித்தார். "இந்தப் படத்தை வரவழைத்ததே மாசிலாமணிதான். ஊரில் பாதிப்பேர் துரைக்கு எதிராகப் பேசுகிறார்கள். எல்லாம் அவர் வேலை."

துரை சிலிர்த்துக்கொண்டார். "ஓய் மாசிலாமணி! நாளை மாட்டினி பார்த்து வெளியே வருகிற அத்தனை பேரும் ஒரே கருத்துச் சொல்ல வேண்டும். இரண்டு கருத்து வந்ததோ, கொட்டகைக்குப் பூட்டு. நீர் மறுபடி மாட்டுச் சந்தைக்கு!"

"மிரட்டி, சொல்லிக்கொடுத்து ஒப்பிக்க வைக்கக் கூடாது" என்று ஒரு முடிச்சுப் போட்டார் பூவராகன்.

"தாயைப் பற்றி நாலு பேர் ஒரே மாதிரிப் பேசி நான் பார்த்ததில்லை" என்றார் மாசிலாமணி. "ஆனாலும் சரி. பேரம் முடிந்தது. நாளைக்கு அரண்மனை முறை கொட்டகையிலும் நடக்கும். அதற்கு மட்டும் அனுமதி வேண்டும்."

"என்ன முறை?"

"துரை எழுந்தால் சபை எழ வேண்டும். துரை வெளியேறினால் சபையும் வெளியேற வேண்டும்."

துரைக்கு உச்சி குளிர்ந்தது. "கொடுத்தேன்!"

மறுநாள் சந்தை. மாசிலாமணி நேரே அங்கே போனார். படத்தைப் பார்த்திராத வெளியூர்க்காரர்களாகப் பார்த்துப் பொறுக்கினார். "அரண்மனைச் செலவில் படம். முறையை மட்டும் மீறக் கூடாது" என்றார். கயிறு வியாபாரி, மிளகாய்க்காரி, கோழிக்காரர் என்று கொட்டகை நிரம்பிவிட்டது.

துரை நடுவில் சோபாவில் உட்கார்ந்தார். சின்ன வயதிலிருந்தே அவருக்கு ஒரு பழக்கம். அரசர் கூட்டத்தில் இடிபட்டு வெளியே வரக் கூடாது என்று பெரிய ராஜா சொல்லியிருந்தார். அதனால் எந்தப் படமானாலும் கடைசி ரீல் ஓடுமுன் எழுந்துவிடுவார். அன்றும் எழுந்தார்.

சபையும் எழுந்தது. ஆபரேட்டர் மெஷினை நிறுத்தினார். முணுமுணுப்பும் முனகலுமாகக் கொட்டகையே வாசலுக்கு வந்தது.

"சொல்லும்மா, அந்தத் தாய் செய்தது சரியா தப்பா?" என்று மிளகாய்க்காரியைக் கேட்டார் பூவராகன்.

"முடிவைப் பார்க்காம என்னத்தைச் சொல்ல?"

கயிறு வியாபாரியைக் கேட்டார். "கடைசியைப் பார்த்தால்ல சொல்றதுக்கு!"

கோழிக்காரர் சீறினார். "படத்தை முழுசா விடுங்கய்யா, அப்புறம் வந்து கேளுங்க!"

கேட்ட அத்தனை பேரும் அதையேதான் சொன்னார்கள். பூவராகன் வேர்த்துப்போனார்.

"ஒரே கருத்து வந்துவிட்டது துரை" என்று கும்பிட்டார் மாசிலாமணி.

துரைக்கு முகம் சிவந்தது. "மிச்சத்தில் என்ன இருக்கப்போகிறது? எல்லாரும் வரிசையாக நின்று சிரிப்பார்கள், அவ்வளவுதானே!"

"இந்தப் படத்தில் அந்தத் தாயைப் பற்றி ஊரே பேசுகிறது துரை. அவள் வாய் திறப்பது கடைசி ரீலில்தான்."

துரை திரும்பி உள்ளே நடந்தார். சபையும் முண்டியடித்துக்கொண்டு பின்னாலேயே போனது.

படம் முடிந்தது. துரை கூட்டத்தோடு கூட்டமாக இடிபட்டு வெளியே வந்தார், கையில் நனைந்த கைக்குட்டை. மிளகாய்க்காரியும் கோழிக்காரரும் அதற்குள் சரி, தப்பு என்று சண்டையைத் தொடங்கியிருந்தார்கள்.

"இப்பவும் அவள் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன்" என்றார் துரை.

"சொல்ல வேண்டாம். அவள் பேசியதைக் கேட்டீர்களே, போதும்."

துரை திடீரென்று வெடித்துச் சிரித்தார். "அடப்பாவி! அப்படியானால் நான் பார்த்த எந்தப் படத்துக்குமே எனக்கு முடிவு தெரியாதே! போன மாசப் படத்தில் கொலைகாரன் யார்?"

"தோட்டக்காரன்."

"நான் டாக்டரை அல்லவா திட்டிக்கொண்டிருந்தேன்!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஜெயித்துவிட்டீர். என்ன வேண்டும், கேளும்."

மாசிலாமணி கையை நீட்டி அரண்மனை வாசலைக் காட்டினார்.

"அங்கே ஓர் அம்மா வெள்ளிக்கிழமைதோறும் தூக்குவாளியோடு வருகிறார்கள். நாளை வெள்ளி. அவர்களும் இன்னும் வாய் திறக்கவில்லை துரை. அந்தக் கடைசி ரீலுக்கும் உட்கார வேண்டும்."

துரையின் சிரிப்பு நின்றது. மறுநாள் காலை, காவல்காரன் எழுந்து வருமுன்னே வாசற்கதவைத் திறந்து நின்றது துரைதான்.

கேட்டாயா? இப்போது உன்னிடம் வருகிறேன். நீ ராஜாவும் இல்லை, உன்னைக் கூட்டம் இடிக்கவும் போவதில்லை. எழுந்து வந்தவன் திரும்பிப் போ. அந்தத் தாயின் பக்கத்தில் உட்கார். அவள் பேசி முடிக்கட்டும். தீர்ப்பை அப்புறம் சொல்லு. போ, இன்றைக்கே போ!