பீன்ஸ் விதைக்கும் மாசி

மலைமேல் இருந்த அந்த மடத்தில் குரு வயதில் சிறியவர். பெயர் தையல்நாயகி. தோட்டம் பார்த்த சீடர் ஆவுடையப்பன் அவரைவிட மிக மூத்தவர். சீடர் குருவை அம்மா என்பார். குரு சீடரை ஐயா என்பார்.

சென்ற மாசியில் பிளம்ஸ் மரம் பூத்ததைப் பார்த்து, பனி முடிந்தது என்று ஆவுடையப்பன் பீன்ஸ் விதைத்தார். முளைத்து இரண்டு இலை விட்டபோது உறைபனி விழுந்தது. பாத்தி முழுவதும் கருகியது. அடுப்பில்லாமல் பீன்ஸ் வறுத்தவர் என்று சமையற்கட்டில் அவருக்குப் பெயர் வைத்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். ஆனால் மறக்கவில்லை. மிஞ்சியது ஒரு பானை விதை. அதுவும் போனால் மடத்துக்கு விதையே இல்லை.

இந்த மாசியிலும் பிளம்ஸ் பூத்தது. அவர் விதைக்கவில்லை. மலைச்சரிவில் காட்டுப் பூவரசு சிவப்பாகப் பூக்கட்டும் என்றார். பூத்தது. காற்று திசை மாறட்டும் என்றார். மாறியது. கொண்டைக்குருவி கூடு கட்டட்டும் என்றார். அது கட்டி முட்டையும் இட்டுவிட்டது.

கொத்திப்போட்ட பாத்திகள் அப்படியே காய்ந்து கிடந்தன.

ஒரு காலையில் அவர் குருவிடம் வந்து, தோட்டத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடச் சொன்னார். தான் பாத்திரம் கழுவப் போவதாகச் சொன்னார். அங்கே இருப்பவை மண்சட்டிகள், கை தவறினால் உடையும் என்றார் குரு. ஆவுடையப்பன் சிரிக்கவில்லை.

"இனிமே பனி விழாதுன்னு உறுதியாச் சொல்ற அறிகுறி எதும்மா?"

"எனக்கும் தெரியாது ஐயா."

குரு எழுந்து போய் விதைப் பானையை எடுத்துவந்து முறத்தில் கவிழ்த்தார். விதைகளுக்கு நடுவே சிறு வண்டுகள் ஓடின. ஆவுடையப்பன் ஒரு விதையை எடுத்துப் பார்த்தார். ஓட்டை. இன்னொன்றை எடுத்தார். அதிலும் ஓட்டை.

"குருவிக்கூடு வரைக்கும் பார்த்தீங்க," என்றார் குரு. "இதைப் பார்க்கலையே."

ஆவுடையப்பன் முறத்தின் முன் உட்கார்ந்து நல்ல விதைகளைப் பொறுக்கினார். வெயில் உச்சிக்கு வரும்வரை பொறுக்கினார். பாதிகூடத் தேறவில்லை. முறத்தைத் தூக்கிக்கொண்டு பாத்திக்குப் போனார். குருவும் கூடப் போனார்.

முதல் குழியைத் தோண்டியதும் ஆவுடையப்பன் கை நின்றுவிட்டது.

"முளைச்சதும் பனி விழுந்தா?"

"வைக்கோல் போட்டு மூடுவோம்."

"அதையும் மீறிக் கருகினா?"

குரு முறத்திலிருந்து ஒரு விதையை எடுத்துக் குழியில் போட்டார். மண்ணைத் தள்ளி மூடினார்.

"கருகினா கருகட்டும்," என்றார். "அடுத்த குழியைத் தோண்டுங்க ஐயா."