முதல் தோசை யாருக்கு?

முன்னொரு காலத்தில், பாலுக்குப் பஞ்சமே இல்லாத ஒரு நாட்டை ஆண்ட ராஜாவுக்கு விசித்திரமான ஆசை ஒன்று பிடித்துக்கொண்டது. எதைத் தொட்டாலும் அது முதலாவதாக இருக்க வேண்டும். மரத்தின் முதல் மாம்பழம், கொடியின் முதல் பூ. பசு ஈன்றதும் கறக்கும் சீம்பாலையும் சொட்டு விடாமல் அரண்மனைக்கு அனுப்பக் கட்டளையிட்டார். ஆசைக்கு அளவேது!

விகடகவி குப்பாண்டியிடம் பால்காரி மாரக்காள் அழுதுகொண்டே வந்தாள். "சாமி, சீம்பால் இல்லாம ரெண்டு கன்னு செத்துப்போச்சு. நேத்துப் பொறந்தது எந்திரிக்கவே மாட்டேங்குது."

குப்பாண்டி உடனே எழுந்தான். நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா, நாளைக் காலை உணவு அடியேன் பொறுப்பு. வருவதெல்லாம் முதலாவதாகவே இருக்கும்."

அவனைக் கண்டாலே ஆகாத அமைச்சர் தண்டபாணியார் துள்ளி எழுந்தார். "ஒன்று தவறினாலும் இவனை நாடு கடத்த வேண்டும், அரசே! அடுப்பருகே நானே நின்று பார்த்துக்கொள்கிறேன்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா.

மறுநாள் ராஜா ஆவலோடு அமர்ந்தார். குவளையில் சேற்றுத் தண்ணீர் வந்தது. இலையில் ஒரு தோசை விழுந்தது. பாதி கருகல், பாதி மாவு, நடுவில் பிய்ந்து வேறு கிடந்தது.

ராஜாவின் மீசை துடித்தது. "அமைச்சரே! நீர் என்னதான் பார்த்துக்கொண்டிருந்தீர்?"

முகமெல்லாம் கரியோடு நின்ற அமைச்சர் திருதிருவென்று விழித்தார். "அரசே, கல்லில் ஊற்றிய முதல் தோசை இதுதான். புதுக் கிணற்றில் முதலில் இறைத்த தண்ணீரும் இதுதான். என் கண்ணாலேயே பார்த்தேன்."

ராஜாவுக்குக் கோபம் போய் ஆச்சரியம் வந்தது. குப்பாண்டியிடம் கேட்டார்: "முதலாவது ஏனப்பா இப்படி இருக்கிறது?"

"அது நமக்கானது அல்ல, மகாராஜா. முதல் தோசை, கல் பதமாவதற்கு. கிணறு தெளிய வேண்டுமானால் முதல் தண்ணீரை இறைத்துக் கொட்டத்தான் வேண்டும். சீம்பால் கன்றுக்கு உரியது. அது கிடைக்காமல் இரண்டு கன்றுகள் செத்துவிட்டன, மூன்றாவது எழ முடியாமல் கிடக்கிறது."

ராஜாவின் முகம் வாடிவிட்டது. "இனி ஒரு சொட்டுச் சீம்பாலும் இங்கே வரக் கூடாது. உடனே பறை அறையுங்கள்" என்றார். பிறகு குப்பாண்டியைப் பார்த்தார். "என்ன பரிசு வேண்டும், கேள்."

"இரண்டாவது தோசை போதும், மகாராஜா. நல்ல பசி."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். கன்றும் பசுவுமாக அவனுக்குக் கொடுத்தார். பிறகு தம் இலையை மெல்ல அமைச்சர் பக்கம் நகர்த்தினார்.

"காவல் காத்தவர் நீர்தானே? நீரே சாப்பிடும்."