ஒரே ஒரு விண்கல்

தூத்துக்குடித் துறைமுகத்தில் இழுவைப் படகின் இன்ஜினைப் பார்த்துக்கொள்ளும் பெர்க்மான்ஸுக்கு வயது நாற்பத்தேழு. அவருடைய குருவுக்கு இருபத்தாறு.

குருவின் பெயர் ஹாஜிரா. காயல்பட்டினத்துப் பெண். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியமானால் தன் அண்ணன் சதக்கு நடத்தும் கேமிங் சென்டருக்கு வந்து, சுவரோரமாக இருக்கும் ஐந்தாம் நம்பர் கம்ப்யூட்டரின் முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

'சாம்பல் நாடு' என்ற ஆட்டத்தில் உப்புக்கோட்டையைத் தனியாளாகக் கடந்தவள் அவள். அதுவும் ஓருயிர் ஆட்டத்தில். அந்த ஆட்டத்தில் ஒருமுறை செத்தால் செத்ததுதான். மாதக்கணக்கில் வளர்த்த வீரன், அவன் ஆயுதம், அவன் பையில் சேர்த்த பொருள் எல்லாம் அழிந்துபோகும். மறுபடி வெறுங்கையோடு தொடங்க வேண்டும்.

பெர்க்மான்ஸ் ஒன்பது முறை செத்தவர். ஒன்பது முறையும் அவரைச் சாய்த்தது அந்தக் கோட்டையின் கடைசிக் கூடத்தில் நிற்கும் இரும்புக்காளை. ஒவ்வொரு முறையும் புது வீரனுக்குத் தொம்மை என்றே பெயர் வைப்பார். இப்போது ஆடிக்கொண்டிருப்பது பத்தாவது தொம்மை.

அன்று மதியம் அவர் மாடிப்படி ஏறி வந்தபோது மூச்சு வாங்கியது. உட்காரக்கூட இல்லை.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"டீச்சர் வேணாம்ண்ணே. ஹாஜிரான்னே கூப்பிடுங்க."

"சரி டீச்சர். விண்கல் கெடச்சிருக்கு."

பக்கத்துக் கம்ப்யூட்டர்களில் ஆடிக்கொண்டிருந்த மூன்று நான்கு பேர் திரும்பிப் பார்த்தார்கள். விண்கல் லேசில் கிடைக்காது. கோட்டைக்குப் போகும் முன் ஒரு வீரனுக்கு ஒன்றுதான். எந்தப் பொருளில் பதிக்கிறோமோ அதை உச்சத்துக்கு ஏற்றிவிடும். பதித்த பிறகு பிடுங்க முடியாது.

"எதுல போடட்டும்? கோடாலியிலயா, மார்க்கவசத்துலயா?"

"போன தடவை எதுல போட்டீங்க?"

"கோடாலியில."

"அதுக்கு முந்தி?"

"கோடாலியில. ஒருக்க மட்டும் கவசத்துல போட்டேன். அப்பவும் செத்தேன்."

"எப்படிச் செத்தீங்க?"

"காளை குத்திச்சு."

"அது தெரியும். அது குத்துறப்ப நீங்க என்ன செஞ்சுகிட்டு இருந்தீங்க?"

பெர்க்மான்ஸ் யோசித்தார். காளையின் கொம்பு ஞாபகம் வந்தது. அதன் மூக்கிலிருந்து வந்த புகை ஞாபகம் வந்தது. தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்பது மட்டும் வரவில்லை.

"தெரியலையே டீச்சர்."

ஹாஜிரா தன் வீராங்கனையைத் திரைக்குக் கொண்டுவந்தாள். ஆழி என்று பெயர். மூன்று வருஷமாகச் சாகாதவள். உடம்பில் பெரிய அலங்காரம் ஒன்றுமில்லை. ஒரு குத்துவாள், அடிபட்டு அடிபட்டுக் கறுத்துப்போன ஒரு கேடயம். அவ்வளவுதான்.

பக்கத்தில் காலியாக இருந்த கம்ப்யூட்டரில் பெர்க்மான்ஸ் நின்றபடியே தொம்மையைத் திறந்தார். அவள் ஆழியைத் தொம்மைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தி, 'இணை' என்பதை அழுத்தினாள். இரண்டு திரையிலும் ஒரே கேள்வி வந்தது: இருவருக்கும் ஓருயிர். சம்மதமா?

கல்லாவில் இருந்த சதக்கு எழுந்து வந்துவிட்டான்.

"ஹாஜிரா, என்ன செய்யிற? ஒருத்தர் செத்தா ரெண்டு பேரும் போயிருவீங்க."

"தெரியும் காக்கா." காயல்பட்டினத்தில் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அவரு ஒன்பது தடவை செத்தவரு."

"அதுவும் தெரியும்."

பெர்க்மான்ஸுக்கு முகம் சுருங்கிப்போனது. "வேண்டாம் டீச்சர். அவரு சொல்லுதது சரிதான். எதுல போடணும்னு மட்டும் சொல்லுங்க, நான் போயிருதேன்."

"ஒக்காருங்கண்ணே. கோட்டைக்கு வெளிய நின்னுகிட்டு இதுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியலை. கல்லைப் பையில வச்சுக்குங்க. கடைசிக் கூடத்துக்கு முன்னால ஒரு உலை இருக்கு. அங்க போய்ப் போட்டுக்கலாம்."

அவர் உட்கார்ந்தார். அவள் ஹெட்போனை நீட்டினாள்.

"எனக்கு வேண்டாம் டீச்சர். வீட்டுல சத்தத்த அணைச்சுட்டுத்தான் ஆடுவேன். வீட்டுக்காரி ரோஸ்லின் ஜெபமாலை சொல்லுத நேரம்."

"இங்க யாரும் ஜெபம் பண்ணலை. மாட்டிக்குங்க."

மாட்டிக்கொண்டார். சம்மதம் என்பதை அழுத்தினார்.

கோட்டைக் கதவு அவர்களுக்குப் பின்னால் மூடிக்கொண்டது. உள்ளே எங்கு பார்த்தாலும் உப்பு. சுவரும் வெள்ளை, தரையும் வெள்ளை. முதல் திருப்பத்திலேயே இரண்டு காவலர்கள் ஈட்டியோடு வந்தார்கள்.

ஆழி வாளை எடுக்கவில்லை. கேடயத்தை மட்டும் பிடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். வெட்டுவது தொம்மையின் வேலை என்று பெர்க்மான்ஸுக்குப் புரிந்தது. ஓங்கி வெட்டினார். முதல் காவலன் இரண்டு வெட்டில் விழுந்தான். அடுத்தவன் மேல் மூன்றாவது வெட்டு இறங்கியபோது தொம்மை அப்படியே குனிந்து நின்றுவிட்டான். நகரவில்லை. ஈட்டி அவன் தோளில் பாய்ந்தது. உயிரைக் காட்டும் சிவப்புப் பட்டை கால்வாசி குறைந்தது.

"இப்ப என்ன ஆச்சு?" என்றாள் ஹாஜிரா. கண் திரையை விட்டு அகலவில்லை.

"கோடாலிக்கு வேகம் பத்தல. மூணாவது வெட்டுல அவன் செத்திருக்கணும்."

ஆழி முன்னால் நடந்தாள்.

இரண்டாவது இடத்தில் நான்கு பேர். பெர்க்மான்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினார். மறுபடியும் தொம்மை நடுவில் குனிந்து நின்றான். இந்தத் தடவை ஆழியின் கேடயம் வந்து ஈட்டியைத் தாங்கியது. கேடயத்தில் ஒரு கீறல் விழுந்தது.

"இப்ப?"

"கவசம்... கவசம் கெட்டியா இருந்தா..." என்று தொடங்கி நிறுத்தினார். காதில் ஏதோ கேட்டது. ஹா... ஹா... என்று யாரோ இளைக்கிற சத்தம்.

"யாரு டீச்சர் இளைக்கது?"

"உங்க ஆளுதான்."

பெர்க்மான்ஸ் திரையின் அடியில் பார்த்தார். சிவப்புப் பட்டைக்குக் கீழே மெல்லிசாக ஒரு பச்சைப் பட்டை. தொம்மையின் மூச்சு. வெட்டினாலும் ஓடினாலும் அது குறையும். சும்மா நின்றால் ஏறும். அது இருப்பது அவருக்கும் தெரியும். ஒன்றரை வருஷமாக அவர் அதைப் பார்த்ததே இல்லை. மூன்று வெட்டில் அது காலியாகிவிடுகிறது. காலியானதும் தொம்மை முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறான்.

இழுவைப் படகில் இன்ஜின் லேசாகத் திணறினாலே தூக்கத்தில்கூட எழுந்துவிடுகிறவர் அவர். ஒன்பது தொம்மைகள் அவர் கையில் இப்படித் திணறிச் செத்திருக்கிறார்கள். ஒருவனுடைய சத்தமும் அவர் காதில் விழவில்லை.

மூன்றாவது இடத்தில் ஆறு பேர் வந்தார்கள். இரண்டு வெட்டு, ஓர் எட்டு பின்னால். இரண்டு வெட்டு, ஓர் எட்டு பின்னால். நேரம் பிடித்தது. ஆனால் ஓர் ஈட்டிகூடத் தொம்மை மேல் படவில்லை.

உலைக்களம் வந்தது. தொம்மை காலை வைத்ததும் தீ மூண்டது, எங்கோ முரசு ஒலிக்கத் தொடங்கியது. இருநூறு அடி அடித்ததும் தீ அணைந்துவிடும். அப்புறம் கல் வெறும் கல்தான்.

பெர்க்மான்ஸ் பையைத் திறந்தார். விண்கல் நீலமாக மின்னியது. கோடாலி, மார்க்கவசம், காலணி, கையுறை என்று வரிசையாகத் தெரிந்தன. கடைசியில், முதல் நாள் ஆட்டத்தில் சும்மா கிடைத்த துணிக் கச்சை. நைந்துபோன துணி. அதை அவர் மாற்றியதும் இல்லை, மேம்படுத்தியதும் இல்லை. தொட்டுப் பார்த்தார். 'மூச்சு' என்று ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது.

முரசு நூற்றைத் தாண்டியது.

அதற்குள் எல்லோரும் அவர் பின்னால் வந்து கூடிவிட்டார்கள். "கோடாலிக்குப் போடுங்கண்ணே, காளைக்கு உயிர் ரொம்ப ஜாஸ்தி" என்றான் ஒருவன். "கவசம், கவசம்" என்றான் இன்னொருவன்.

அவர் ஹாஜிராவைப் பார்த்தார். "டீச்சர்?"

"உங்க கல்லுண்ணே."

முரசு நூற்றெழுபதில் இருந்தபோது அவர் கல்லைக் கச்சையில் பதித்தார்.

பின்னால் ஒரே கூச்சல். "விண்கல்லப் போயி அந்தக் கந்தல் துணிக்கா!" என்று சதக்கு தலையில் கையை வைத்துக்கொண்டான். பச்சைப் பட்டை மட்டும் சத்தமில்லாமல் நீண்டது. முன்பு இருந்ததைப்போல் ஒன்றரை மடங்கு.

தீ அணைந்தது. கூடத்தின் கதவு திறந்தது.

இரும்புக்காளை தலையைத் தாழ்த்திக்கொண்டு நின்றது. பெர்க்மான்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

முதல் பாய்ச்சலில் ஆழி அதைத் தன் பக்கம் இழுத்தாள். விலாப்புறம் திறந்தது. தொம்மை புகுந்தான். இரண்டு வெட்டு, ஓர் எட்டு பின்னால். காளை திரும்பியபோது அவன் அங்கே இல்லை. கொம்பு வெறும் காற்றைக் குத்தியது. மறுபடியும் இரண்டு வெட்டு. மறுபடியும் விலகல். மூச்சு ஏறும்வரை காத்திருந்தார். ஒன்பது தொம்மைகளும் பார்க்காத ஒன்றைப் பத்தாவது தொம்மை பார்த்தான்: காளையின் உயிர் பாதிக்குக் கீழே போனது.

பின்னால் நின்றவர்கள் இன்னும் நெருங்கி வந்தார்கள்.

கால்வாசி. அதற்கும் கீழே. காளை தடுமாறி ஒரு முழங்காலை ஊன்றியது. அதன் சிவப்புப் பட்டையில் நகக்கண் அளவுதான் மிச்சம்.

தொம்மை வெட்டினான். ஒன்று. இரண்டு. பெர்க்மான்ஸ் ஓரக்கண்ணால் கீழே பார்த்தார். பச்சை இன்னும் இருந்தது. எப்போதும் இந்நேரம் தேய்ந்து கிடக்கும் பட்டை, இன்று பாதி இருந்தது. மூன்றாவது வெட்டு வெட்டினார். இன்னும் இருந்தது. காளைக்கு இன்னும் ஒன்று போதும். ஒன்றே ஒன்று.

காதில் இளைப்புக் கேட்டது. நன்றாகவே கேட்டது. கை நிற்கவில்லை.

நான்காவது வெட்டு இறங்கியது. காளை சாகவில்லை. மயிரிழை உயிரோடு தலையைத் திருப்பியது.

"பின்னால வாங்க!" என்று கத்தினாள் ஹாஜிரா. அன்று அவள் குரலை உயர்த்தியது அப்போதுதான்.

அவர் பின்னால் நகர்த்தும் பொத்தானை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். தொம்மை முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான்.

ஆழி குறுக்கே பாய்ந்தாள். கொம்பு கேடயத்தில் மோதியது. மூன்று வருஷக் கேடயம் இரண்டாகப் பிளந்து உப்பில் விழுந்தது. அவள் எழுவதற்குள் இரண்டாவது கொம்பு வந்தது. அது தொம்மையைத் தேடி வந்தது.

இரண்டு திரையும் சாம்பல் நிறமாயின.

பார்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நழுவித் தங்கள் இடத்துக்குப் போனார்கள். ஹாஜிராவின் கை மவுஸின் மேலேயே இருந்தது. பிறகு எழுந்து கை கழுவும் இடத்துக்குப் போனாள். குழாய்த் தண்ணீர் நெடுநேரம் ஓடும் சத்தம் கேட்டது.

பெர்க்மான்ஸ் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். எழுந்து போய்விடலாமா என்று இருந்தது. சதக்கு ஒரு கிளாஸ் தேநீரை அவர் முன்னால் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனான். அது ஆடை கட்டி ஆறியது.

ஹாஜிரா திரும்பி வந்தாள். முகம் ஈரமாக இருந்தது. கண் சிவந்திருந்தது. உட்கார்ந்து, 'புதிய வீரர்' என்பதை அழுத்தினாள்.

"டீச்சர், என்னால உங்க மூணு வருஷம்..."

"அதுக்கு அழுதாச்சுண்ணே. வேற கேளுங்க."

அவர் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். கேட்கவும் பயமாக இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை.

"கோடாலியில போட்டிருந்தா மூணாவது வெட்டுலயே காளை விழுந்திருக்கும்லா. கச்சையில போட்டதுதான் தப்பா?"

"இல்லை. கச்சையில போட்டது சரிதான்."

"பிறகு எப்படி டீச்சர் செத்தோம்?"

ஹாஜிரா திரையிலிருந்து கண்ணை எடுத்து அவரைப் பார்த்தாள்.

"கல்லைக் கச்சையில போட்டீங்க. கச்சை குடுத்த மூச்சைக் கோடாலியில போட்டுட்டீங்க."