பாவாயி நட்ட எஞ்சின்

இக்கதையை 1988 ஆவணியில், வெள்ளாற்றங்கரையில் பம்புசெட்டுகளுக்கு வாஷர் வெட்டிக் கொடுத்துவந்த அபரஞ்சி என்பவர் சொல்லக் கேட்டு எழுதிக்கொண்டேன்.

பண்ணையார் திருவேங்கடத்தின் டீசல் எஞ்சின், தண்ணீர் இறைக்கத் தொடங்கினால் ஓரிடத்தில் நிற்காது. அதிர்ந்து அதிர்ந்து ஆற்றை நோக்கி நகரும். அதைக் காத்து நின்றவள் கூலிக்காரி பாவாயி. அவளுடைய அரைக்காணி நெல்லுக்கு வாய்க்காலில் வரும் முறைத் தண்ணீர்மேல் பண்ணையாருக்கு நெடுநாள் கண்.

ஒருநாள் காலை எஞ்சினைச் சுற்றிச் சுண்ணாம்புக் கோடு போட்டார்.

"ஏ பாவாயி! முளை அடிக்கக் கூடாது, கயிறு கட்டக் கூடாது, மேல கல்லு ஏத்தக் கூடாது. பொழுது சாயறதுக்குள்ள இது கோட்டைத் தாண்டினா, உன் முறைத் தண்ணி எனக்கு."

"ஆகட்டுங்க ஐயா. மம்பட்டி எடுக்கலாங்களா?"

"எடுத்துத் தலையில வச்சுக்க!"

மாலையில் ஊராரைச் சாட்சிக்கு அழைத்துவந்தார். எஞ்சின் படபடவென்று ஓடிக்கொண்டிருந்தது, இம்மியும் நகரவில்லை. அதன் நான்கு இரும்புக் கால்களும் ஒரு சாண் ஆழக் குழிகளில், ஈரமணல் கெட்டித்து, இறங்கியிருந்தன.

"முளை அடிச்சியாடி?"

"இல்லைங்க. எஞ்சினையே முளையா நட்டுட்டேன்."

பண்ணையார் அதை உதைத்தார், தோளால் முட்டினார், கோட்டைச் சுற்றிச் சுற்றி ஓடினார்.

"எஞ்சின் ஓரிடத்துல நின்னுடுச்சுங்க," என்றாள் பாவாயி. "இப்ப ஐயாவைத்தான் யாராச்சும் நட்டு வைக்கணும்."

ஊர் சிரித்த இடத்தில் அபரஞ்சி முடித்தார். எதிர்க்கரையில் சொல்பவர்களோ, பண்ணையார் அன்றே எஞ்சினைத் தூக்கவைத்துக் குழிகளைத் தூர்த்தார் என்றும், மறுநாள் எஞ்சின் ஆற்றுக்குள் போய்விட்டது என்றும், அதை மீட்கப் பாவாயியின் மம்பட்டியைத்தான் கேட்டு வந்தார் என்றும் கூறுகிறார்கள்.