ஓலையில் கரி பூசிய கதை

அந்தக் காலத்தில் கீரிகளும் மனுஷர்களும் வாசலில் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். கீரிக்குப் பச்சிலை வைத்தியம் அத்துபடி. ஆனால் ஒரு மருந்தை ஒருவரிடம் ஒரு தடவைதான் சொல்லும். மறுபடி சொன்னால் இலையின் வீரியம் போய்விடும். அதனால் மலையடிவாரத்துச் சனங்கள் கேட்டதை உடனே எழுத்தாணியால் பனையோலையில் கீறி வைத்துக்கொள்வார்கள். மை என்ற ஒன்றே அப்போது கிடையாது. ஓலையும் வெளுப்பு, கீறலும் வெளுப்பு. வெயிலில் சாய்த்துப் பிடித்தால் கீறலில் நிழல் விழும். அதை வைத்துத்தான் படிப்பது.

ஓர் அடைமழை நாளில், வரப்பு வெட்டப் போன கொம்பையனைப் பாம்பு தீண்டிவிட்டது. தூக்கி வரும்போதே கால் வீங்கி நீலம் பாரித்திருந்தது. அவன் பெண்டாட்டி சடைச்சி இரண்டு கொடிகளைப் பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தாள். ஒன்றின் காம்பு சிவப்பு, மற்றதன் காம்பு பச்சை. ஒன்று விஷத்தை முறிக்கும், மற்றது ஆளையே முடித்துவிடும். எது எது என்பதுதான் அவளுக்கு மறந்துபோயிற்று. எழுதி வைத்துவிட்டால் அப்புறம் யார்தான் நினைவில் வைத்துக்கொள்கிறார்கள்?

வெளியே சூரியன் இருக்கிற சுவடே இல்லை. அந்த மருந்தைக் கீறி வைத்த ஓலையை எடுத்து இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள். ஒன்றும் தெரியவில்லை. சேதி கேட்டு, மருந்து சொன்ன கீரி நனைந்தபடி வந்து நின்றது.

"சொல்லிடு சாமி, சிவப்பா, பச்சையா?"

"சொன்னா ரெண்டுமே வெறும் தழையாயிரும் தாயி. ஓலையைப் பாரு."

"ஓலையில ஒரு எழவும் தெரியலையே!"

கொம்பையனுக்கு நாக்குக் குழறியது. "ஏதாச்சும் ஒண்ணைக் குடு புள்ள" என்றான்.

தன் கையாலேயே அவனைக் கொன்றுவிடுவோமோ என்று பயந்த சடைச்சி இரண்டு கொடிகளையும் கீழே வைத்தாள். எண்ணெய் சிந்தச் சிந்த அகல் விளக்கை இழுத்து வைத்து, ஓலையைச் சுடருக்கு மேலே பிடித்தாள். தெரியவில்லை. இன்னும் கிட்டே கொண்டுபோனாள். ஈரக்காற்றில் திரி புகையைக் கக்கியது. ஓலை முழுக்கக் கரி அப்பிக்கொண்டது.

"ஐயோ, இருந்த எழுத்தும் போச்சே!"

அலறிக்கொண்டே எண்ணெய்க் கையால் ஓலையைத் தேய்த்தாள், முந்தானையால் துடைத்தாள். மேலே இருந்த கரி சேலைக்கு வந்தது. கீறலுக்குள் போன கரி வரவில்லை. அவள் கண்முன்னே எழுத்து கருகருவென்று எழுந்து நின்றது: பச்சைக் காம்பு பிழைக்க வைக்கும்.

கசக்கிப் பிழிந்து வாயில் விட்டாள். கொம்பையன் கண் சொருகிக் கிடந்தான். கீரிகூட மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்தது. நெடுநேரம் கழித்து அவன் இருமினான், கண்ணைத் திறந்தான்.

"என்னடி, மூஞ்செல்லாம் கரி?"

சடைச்சி அவன் மார்பில் ஓங்கி ஒரு குத்து விட்டு, அங்கேயே விழுந்து அழுதாள்.

அன்று முதல்தான், எழுத்து மங்கிய பழைய ஏடு யார் கைக்கு வந்தாலும், வெளிச்சத்தைத் தேடி ஓடாமல் முதலில் அதில் கரியைப் பூசுகிறார்கள்.