முறுக்கேறிய தங்கூஸ்

ஒரு கடற்கரை ஊரில் ஒரு தங்கூஸ் இருந்தது. தூண்டிலுக்குக் கட்டுகிற நரம்புதான், வேறொன்றுமில்லை. நூற்றைம்பது மீட்டர் நீளம். கடையிலிருந்து வந்த உருளையில் சுகமாகப் படுத்துக் கிடந்தது.

அதை வாங்கியவர் சந்தியாகு. முப்பது வருசம் படகில் போனவர். தோள்பட்டை இறங்கிப்போனதும் படகுக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். வலை இழுக்க முடியாத கை ரீலைச் சுற்றுமே என்று மஸ்கட்டிலிருந்து மருமகன் தூண்டில் கம்பில் மாட்டுகிற ரீல் ஒன்று அனுப்பியிருந்தான். தன் கையால் ஒரு மீன் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், இந்தக் கை செத்துப்போகவில்லை என்று காட்ட வேண்டும். பாவம் மனுஷனுக்கு அவ்வளவுதான் ஆசை.

ஆனால் கைத்தூண்டிலைப் பலகையில் சுற்றியே பழகிய ஆள். உருளையைத் தரையில் கடாசிவிட்டு, நரம்பின் நுனியை ரீலில் கட்டி, அதன் கைப்பிடியைப் படபடவென்று சுற்ற ஆரம்பித்தார். உருளையின் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று பார்க்கவில்லை. நரம்பை விரலால் இறுக்கிப் பிடித்துக் கொடுக்கவும் இல்லை.

பத்துச் சுற்றிலேயே தங்கூஸுக்கு உடம்பெல்லாம் முறுக்கிக்கொண்டது.

"ஐயோ, நில்லேன்! நான் பிரிகிற பக்கம் ஒன்று, நீ சுற்றுகிற பக்கம் ஒன்று. சுற்றுக்கு ஒரு முறுக்கு ஏறுது" என்று கத்தியது.

"சும்மா வா" என்றது ரீல். "புதுசில் எல்லாருக்கும் இப்படித்தான் இருக்கும். உள்ளே வந்துவிட்டால் சரியாகிவிடும்."

சந்தியாகுவின் மனைவி பனிமயம் எட்டிப் பார்த்தாள். "என்னங்க, நரம்பு சுருண்டு சுருண்டு வருதே. அந்த உருளையைத் திருப்பிப் போட்டுப் பாருங்களேன்."

"ஏட்டி, கடல்லயே கிடந்தவனுக்கு நீ தூண்டில் சொல்லித் தாறியா? போய் உலையைப் பாரு."

அவள் போய்விட்டாள். தங்கூஸும் உள்ளே போனது. விளிம்பு வழிய வழியச் சுற்றி முடித்தார். வெளியே பார்த்தால் பளபளவென்று அத்தனை அழகு. உள்ளே நெகிழ்ந்த வளையமும் முறுக்குமாக ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தது.

"எப்படி இருக்கோம் பார்த்தியா?" என்று ரீல் பெருமைப்பட்டது.

"எனக்கு மூச்சு முட்டுது. ஒரே ஒரு உதவி செய். என் நுனியில் எதையும் கட்டாமல் ஒரு தடவை என்னைத் தண்ணீரில் விட்டுவிடு. முள் வேண்டாம், ஈயம் வேண்டாம். நீரோட்டத்தில் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தால் நானே நேராகிவிடுவேன்."

ரீல் சிரித்தது. "சும்மா கிடக்கவா உன்னை வாங்கினார்கள்?"

"அதானே!" என்றது பக்கத்தில் கிடந்த தூண்டில் முள். "எனக்கு வேலை இருக்கு. சீக்கிரம் கட்டச் சொல்லு."

கட்டினார். விடிந்ததும், அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டிப் போட்ட தூண்டில் வளைவில் நின்று வீசினார். ரீலிலிருந்து ஒரு வளையம் போக வேண்டிய இடத்தில் ஏழெட்டு வளையம் கொத்தாகக் கிளம்பி ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. பல்லால் கடித்துப் பிரித்துப் பார்த்தார். பிரியவில்லை. அந்தச் சிக்கோடேயே மறுபடியும் வீசினார்.

அன்றைக்கென்று பார்த்து ஒரு கொடுவா கடித்தது. நல்ல பெரிய மீன்.

"விடாதே, பிடி!" என்று ரீல் அலறியது.

"பிடிக்கிறேன், பிடிக்கிறேன். விட எனக்கு மட்டும் ஆசையா?" என்று தங்கூஸ் அழுதது. உயிரைக் கொடுத்துத்தான் பிடித்தது. சிக்கு விழுந்த இடத்தில் அறுந்தது.

முள்ளோடு மீன் போய்விட்டது.

"தூ, மட்டச் சரக்கு!" என்று சந்தியாகு காறித் துப்பினார். சிக்கை அறுத்து, மிச்ச நரம்பையும் ரீலிலிருந்து மொத்தமாக உருவிக் கடலில் எறிந்தார். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"இந்தக் கை இனி எதுக்கும் ஆவாதுட்டி" என்றார்.

பனிமயத்துக்குக் காரணம் தெரியும். இப்போது சொல்லி என்ன ஆகப்போகிறது என்று உலையைப் பார்க்கப் போய்விட்டாள். அன்றோடு அவர் அந்தக் கையைத் தூக்கவே இல்லை.

கடலில் தங்கூஸ் நீரோட்டத்தோடு மெல்லப் புரண்டது. ஒவ்வொரு முறுக்காகக் கழன்றது. மதியத்துக்குள் முழு நீளத்துக்கும் நேராகிவிட்டது.

இரண்டு முனையிலும் யாரும் இல்லை.